உழவாரத்தைக் கையில் எடு!

திரையில் 412 வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு வித்தியாசம். ஒரு பக்கம் நாங்கள் எழுதிப் பழகும் டெவலப்மென்ட் டேட்டாபேஸ். மறுபக்கம் வாடிக்கையாளர்கள் இரவும் பகலும் புழங்கும் புரொடக்ஷன் டேட்டாபேஸ். இரண்டின் ஸ்கீமாவையும் ஒப்பிட்டுக் காட்டு என்று ஒரு பழைய ஸ்கிரிப்ட்டை ஓட்டியதும், அது மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டது. அந்தத் திரையின் முன்னால் பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமத்துத் தங்கை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வேலையில் சேர்ந்து ஏழு மாதம். மணி பதினொன்றரை. ரிலீஸ் இரண்டு மணிக்கு.

"அண்ணா, இது எல்லாத்தையும் நான் சரி பண்ணணுமா? பார்க்கப் பார்க்கத் தலை சுத்துது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லைன்னு தோணுது."

தங்கச்சி, அந்த 412-ல் நீ கை வைக்க வேண்டியவை ஒன்பதே ஒன்பது! மீதி 403-ஐயும் பெயர் சொல்லி, காரணம் சொல்லி ஒதுக்கி வைப்பதுதான் இந்த இரவின் வேலை. அதைச் செய்ய உன்னால் முடியும். ஏன் முடியும் என்பதை உனக்கும், உன்னைப் போல நெய்வேலியிலும் பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் படித்துவிட்டு இன்றைக்கு ஏதோ ஒரு திரையின் முன் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கும் அத்தனை தம்பி தங்கைகளுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் இதே வேலை. இரண்டு டேட்டாபேஸும் அச்சு அசலாக ஒன்றாகிவிட வேண்டும், ஒரு வித்தியாசம்கூட மிஞ்சக் கூடாது, அதுதான் சுத்தமான வேலை என்று நம்பினேன். பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் டிக் செய்தேன். ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது. மறுபடி ஒப்பிட்டேன். வித்தியாசம் பூஜ்ஜியம்! வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

புரொடக்ஷனில் மட்டும் ஒரு ட்ரிகர் இருந்தது. விலைப்பட்டியலில் யார் கை வைத்தாலும், எப்போது, எந்த விலையை, எதுவாக மாற்றினார் என்று தனி டேபிளில் எழுதி வைக்கும் தணிக்கை ட்ரிகர். டெவலப்மென்ட்டில் அது கிடையாது. அங்கே அதற்கு அவசியமும் இல்லை. "இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இருக்கிறது, ஆகவே நீக்கு" என்று மென்பொருள் கணக்குப் போட்டது. நான் தலையாட்டினேன். மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. நான்காம் நாள் ஒரு விலையைப் பற்றிக் கேள்வி வந்து, பதிவேட்டைத் திறந்தால் மூன்று நாளுக்கு ஒரு வரியும் இல்லை. தவறு என்னுடையது. படிக்காமல் டிக் செய்த விரல் என்னுடையது.

ட்ரிகர் என்ற பொருளின் குணத்தை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். டேபிளில் ஒரு ஃபீல்டு காணாமல் போனால் அடுத்த நொடியே சிவப்பில் எரர் வந்து ஊரைக் கூட்டும். ஒரு ட்ரிகர் காணாமல் போனால் எந்தச் சத்தமும் வராது. வரிகள் வழக்கம்போல் பதிவாகும், திரைகள் வழக்கம்போல் திறக்கும். நடக்க வேண்டிய ஒன்று மட்டும் நடக்காது. நடக்காத ஒன்றுக்கு எரர் கிடையாது. ராத்திரிக் காவல்காரர் வராத இரவு, வந்த இரவைப் போலத்தான் இருக்கும். திருடு போன பிறகுதான் தெரியும்.

ஸ்கீமா ஒப்பீட்டுக் கருவிகளிலும் ட்ரிகர்களைத் தனியாக நடத்த வழி வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல்பேக்கேஜ் கருவியை எடுத்துக்கொள். மூலத்தில் இல்லாத பொருள்களை இலக்கிலிருந்து நீக்கலாமா என்று ஒரு அமைப்பு உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது "வேண்டாம்" என்றே நிற்கும். ஆனால் மூலத்தில் இல்லாத ட்ரிகர்களை நீக்கலாமா என்று இன்னொரு அமைப்பு தனியாக இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது "நீக்கு" என்று நிற்கும்! இரண்டும் ஒரே கையேட்டில், எல்லோரும் படிக்கும்படி அச்சாகியிருக்கின்றன. படித்தவனுக்கு அது ஒரு வரி. படிக்காதவனுக்கு ஒரு விபத்து. அந்த வரியைப் படிக்கச் சென்னையில் பிறந்திருக்க வேண்டுமா? கான்வென்ட் ஆங்கிலம் வேண்டுமா? கண் வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டும் உன்னிடம் இருக்கின்றன.

நீ பிறந்த மண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பார். பண்ருட்டி டவுனை ஒட்டிக் கெடிலம் ஆற்றங்கரையில் திருவதிகை. வீரட்டானேசுவரர் கோயில். பக்கத்தில் திருவாமூர், அப்பர் பிறந்த ஊர். சமணத்தில் தருமசேனர் என்று பெரிய பெயரோடு இருந்தவர், சூலை நோயோடு தமக்கை திலகவதியாரைத் தேடி இந்த அதிகைக்குத்தான் வந்தார். அதன் பிறகு அவர் தோளில் ஏறியது என்ன? வாளா, செங்கோலா? உழவாரம். நீண்ட பிடி, தட்டையான அலகு. கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி. எந்தக் கோயிலில் அப்பர் சிலையைப் பார்த்தாலும் அந்த உழவாரம் இருக்கும்.

உழவாரப் பணி செய்கிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? குருட்டாம்போக்கில் அவர் வெட்டுவதில்லை. அலகைத் தரையோடு தரையாகச் சாய்ப்பார். இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் புல் வரும், கல் அசையாது. நந்தவனத்துச் செடி பக்கத்திலேயே இருக்கும். அதன் மேல் அலகு படாது. எது புல், எது செடி, எது கல் என்று அவர் கைக்குத் தெரியும். களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. எதை எடுப்பது, எதை விடுவது என்ற அறிவு உன் பாட்டன் பாட்டி கையில் இருந்தது. அதே அறிவைத்தான் இன்றைக்கு இந்தத் திரை கேட்கிறது.

சரி, 412-க்கு வருவோம். அவளோடு சேர்ந்து பிரித்தேன்.

எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ஒரு டேபிளை இன்னொரு டேபிளோடு ஃபாரின் கீ போட்டு இணைத்தால், அந்த விதியைக் காப்பதற்காக போஸ்ட்கிரெஸ் தானாகவே உள்ளுக்குள் நான்கு ட்ரிகர்களை உருவாக்கிக்கொள்ளும். அவற்றின் பெயரில் ஒரு எண் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் அந்தப் பொருள் அந்த டேட்டாபேஸில் பிறந்தபோது கிடைத்த வரிசை எண். டெவலப்மென்ட்டில் ஒரு எண், புரொடக்ஷனில் வேறு எண். வேலை ஒன்றுதான், விதி ஒன்றுதான், பெயரில் இருக்கும் எண் மட்டும் வேறு. பெயரை வைத்து ஒப்பிட்ட எங்கள் பழைய ஸ்கிரிப்ட், இந்தப் பக்கத்து 128-ம் அந்தப் பக்கத்தில் இல்லை, அந்தப் பக்கத்து 128-ம் இந்தப் பக்கத்தில் இல்லை என்று 256 வரி எழுதிவிட்டது. 32 ஃபாரின் கீ, இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. ட்ரிகர்களின் உள் அட்டவணையில், "இது சர்வரே உருவாக்கியது" என்று குறிக்கும் ஒரு ஃபீல்டு உண்டு. அந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்தாள். 256 வரிகள் ஒரே நொடியில் போயின.

தங்கச்சி, இங்கே கொஞ்சம் நில்! உன்னை நீயே ஒப்பிட்டுக்கொள்ளும் பட்டியலில் இந்த மாதிரி எத்தனை வரி வைத்திருக்கிறாய்? அவள் படித்தது பெரிய கல்லூரி, நான் படித்தது டவுன் பஸ் போகிற கல்லூரி. அவன் அப்பா ஆபீசர், என் அப்பா முந்திரித் தோப்பில் கூலி. அவள் பேசும் ஆங்கிலம் வேறு, என் ஆங்கிலம் வேறு. இவையெல்லாம் பிறந்த இடத்தில் ஒட்டிய எண்கள். உள்ளே ஓடும் விதி ஒன்றுதான். ஒரு ஜாயின் அவளுக்கு எப்படி ஓடுமோ அப்படித்தான் உனக்கும் ஓடும். சர்வர் உன் ஊரைக் கேட்பதில்லை. அந்த 256 வரியை முதலில் ஒதுக்கு. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உண்மையில் நீ கற்க வேண்டிய ஒன்பது உன் கண்ணில் படவே படாது!

ஒன்பது இருக்கிறது என்பதையும் மறக்காதே. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு "நான் சரியாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வது தன்னம்பிக்கை ஆகாது. அது கண்ணைக் கட்டிக்கொள்வது.

அடுத்தது 118. புரொடக்ஷனில் மட்டும் நிறுவிய எக்ஸ்டென்ஷன்களோடு வந்த ஃபங்ஷன்களும் வியூக்களும். ஒரு பொருள் எக்ஸ்டென்ஷனுக்குச் சொந்தமா இல்லையா என்பதை போஸ்ட்கிரெஸ் தன் சார்பு அட்டவணையில் எழுதியே வைத்திருக்கிறது. பேக்கப் எடுக்கும் பிஜி-டம்ப் கருவியும் அவற்றைத் தனித்தனியாக எழுதுவதில்லை. எக்ஸ்டென்ஷனை நிறுவு என்று ஒரு வரியோடு விட்டுவிடும். அதே வழியில் அவளும் விட்டாள்.

மீதி 38. மணி பன்னிரண்டே முக்கால். இப்போது அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. 21 தணிக்கை ட்ரிகர்கள், 6 கண்காணிப்பு ட்ரிகர்கள். இரண்டு வகையும் புரொடக்ஷனுக்கு மட்டும் உரியவை. விலக்குப் பட்டியலில் ஒவ்வொன்றின் பெயரையும் அவளே தட்டச்சு செய்தாள். "தணிக்கை என்று தொடங்கும் எல்லாம்" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். நான் தடுத்தேன். நாளைக்கு வேறொருவர் வடிவமைப்பிலேயே அந்தப் பெயரில் ஒரு ட்ரிகர் எழுதினால், அதுவும் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். ஒதுக்குவதை முழுப் பெயர் சொல்லி ஒதுக்கு. பக்கத்திலேயே காரணம் எழுது. அதன் கீழே உன் பெயரைப் போடு. துணிவு என்பது அந்தக் கையெழுத்து.

மீதி 11. ஒன்பதுதானே வர வேண்டும்? இரண்டு கூடுதல்.

அசலில் ஓட்டுவதற்கு முன், நேற்றைய பேக்கப்பிலிருந்து எழுப்பிய நகல் சர்வரில் ஓட்டினாள். பாதியில் நின்றது. ஒரு ஃபங்ஷனை நீக்க முடியாது, அதை நம்பி வேறு பொருள்கள் இருக்கின்றன என்று சர்வர் மறுத்துவிட்டது. போஸ்ட்கிரெஸில் ட்ரிகர் வேறு, அது கூப்பிடும் ஃபங்ஷன் வேறு. 21 தணிக்கை ட்ரிகர்களும் ஒரே ஃபங்ஷனைத்தான் கூப்பிட்டன. ட்ரிகர்களை ஒதுக்கிவிட்டாள், ஃபங்ஷன் "நீக்கு" பட்டியலிலேயே இருந்துவிட்டது. மறுத்ததோடு சர்வர் ஒரு யோசனையும் சொன்னது: காஸ்கேட் என்று சேர்த்தால் நம்பியிருப்பவற்றையும் சேர்த்து நீக்கித் தருகிறேன்.

மணி ஒன்று. ரிலீஸுக்கு ஒரு மணி நேரம். சர்வரே வழி சொல்கிறது. ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும், எரர் மறைந்துவிடும். எத்தனையோ பேர் அந்த இடத்தில் அந்தச் சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். கோபுரத்து இடுக்கில் முளைத்த அரசங்கன்றை ஒரே இழுப்பாக இழுத்தால் என்ன ஆகும் என்று திருப்பணி செய்கிறவர்களைக் கேள். கன்று வரும், வேர் பிடித்திருந்த செங்கல்லும் வரும், செங்கல்லை நம்பி நின்ற சுதைச் சிற்பமும் வரும். காஸ்கேட் அந்த இழுப்புதான். அவள் ஒதுக்கிக் காப்பாற்றிய 21 ட்ரிகர்களும் அந்த ஒரே சொல்லில் போயிருக்கும்.

அவள் அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை! நான் எதுவும் சொல்வதற்கு முன்னமே நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஃபங்ஷனைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில் நெய்வேலியைச் சொல்லியாக வேண்டும். பழுப்பு நிலக்கரி எடுக்க 1956-ல் நிறுவனம் உருவானது. 1957-ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல்தான் நிலக்கரி முகம் காட்டியது. நடுவில் நான்கு வருடம்! நிலக்கரிக்கு மேலே கிடந்த மண் மலையளவு. அதை வெட்டி ஒதுக்கலாம். கண்ணுக்குத் தெரியும் வேலை. நிலக்கரிக்குக் கீழே இருந்ததுதான் சவால். அங்கே அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் ஊற்றுநீர். மேலே உள்ள கனத்தை எடுக்க எடுக்க, கீழிருந்து நீர் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதை அடக்க முடியுமா என்பதே அன்றைக்குப் பெரிய கேள்வி. அதற்காகவே குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டேதான் வெட்டினார்கள், இன்றைக்கும் இறைக்கிறார்கள். ராட்சதச் சக்கர இயந்திரத்தைப் படம் எடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். அந்த பம்புகளைப் பார்க்க யாரும் வருவதில்லை. அவை நின்றால் சுரங்கம் இல்லை.

டேட்டாபேஸிலும் கண்ணுக்குத் தெரியாத ஊற்று உண்டு. ட்ரிகர் எந்த ஃபங்ஷனை நம்பியிருக்கிறது என்று போஸ்ட்கிரெஸுக்குத் தெரியும். அதனால்தான் நீக்க மறுத்தது. ஆனால் வழக்கமான முறையில் எழுதிய ஒரு ஃபங்ஷனின் உடலுக்குள் எந்த டேபிளின் பெயர் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஃபங்ஷனின் உடல் அதற்கு வெறும் எழுத்துச்சரம். 2021-ல் வந்த 14-ஆம் பதிப்பில், எஸ்க்யூஎல் தரநிலைப்படி உடலை எழுதும் புதிய முறை ஒன்று வந்தது. அந்த முறையில் எழுதினால் சார்புகளைக் குறித்துக்கொள்ளும். ட்ரிகர் ஃபங்ஷன்கள் பெரும்பாலும் எழுதப்படும் பிஎல்-பிஜிஎஸ்க்யூஎல் மொழிக்கு அது பொருந்தாது. அங்கே உன் கண்தான் சார்பு அட்டவணை.

அவள் கண் பார்த்தது. ஃபங்ஷனின் நடுவில் ஒரு இன்சர்ட் வரி. தணிக்கைப் பதிவேட்டு டேபிளின் பெயர். பட்டியலில் மிஞ்சிய 11-ல் அதே பெயர் இருந்தது, "நீக்கு" என்ற குறியோடு!

இதை யோசித்துப் பார். ஃபங்ஷனை நீக்க முயன்றபோது சர்வர் மறுத்தது. இந்த டேபிளை நீக்கச் சொன்னால் மறுத்திருக்காது. இதை நம்பி ஏதோ இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாதே! அவசரத்தில் ஃபங்ஷனை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு ஓட்டியிருந்தால், நகலில் ஸ்கிரிப்ட் பச்சையாக முடிந்திருக்கும். அசலிலும் பச்சையாக முடிந்திருக்கும். பல வருடத் தணிக்கைப் பதிவுகள் அங்கேயே அழிந்திருக்கும். காலையில் முதல் வாடிக்கையாளர் ஒரு விலாசத்தை மாற்றியதும் ட்ரிகர் ஓடும், ஃபங்ஷன் ஓடும், இல்லாத டேபிளைத் தேடும், எரர். 21 டேபிளில் எதிலும் யாராலும் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. பாதியாக ஒதுக்குவது ஒதுக்காததைவிட மோசம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"அண்ணா, இந்த டேபிளும் போகக் கூடாது" என்றாள். பதினொன்றரை மணிக்குத் தன்னை லாயக்கில்லை என்று சொன்ன அதே வாய்!

தவறு நடந்தே விடுமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது, இருக்கட்டும். உலகத்தில் யாருக்கு இல்லை? 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் நகல் சர்வர் என்று நினைத்து அசல் சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. நம்பியிருந்த பேக்கப் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாக உலகத்துக்கே காட்டினார்கள். நடந்ததை மணி வாரியாக எழுதி வெளியிட்டார்கள். நிமிர்ந்து நின்று தவறைச் சொல்கிறவன் மேல் நம்பிக்கை கூடும். நானும் என் மூன்று நாள் கதையை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பல வருடம் உள்ளுக்குள் புழுங்கியிருக்க மாட்டேன். அதனால்தான் அன்றிரவு அவளிடம் முதலில் அதைச் சொன்னேன்.

நம் மண்ணைவிடவா அடி வாங்கிவிட்டாய்? 2011 டிசம்பர் 30, தானே புயல். விடிந்தபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பாட்டன் நட்ட மரங்கள். அந்தத் தோப்புகளில் மறுபடி கன்று நட்டவர்களின் பிள்ளைதான் நீ. ஒட்டு முந்திரி காய்க்கவே மூன்று வருடம் காத்திருந்த வீட்டுப் பிள்ளைக்கு, ஒரு ஃபங்ஷனைப் படித்து முடிக்கும் பத்து நிமிடப் பொறுமையா இல்லாமல் போகும்!

ஒன்றே முக்காலுக்கு விலக்குப் பட்டியல் தயாரானது. 27 ட்ரிகர், 1 ஃபங்ஷன், 1 டேபிள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு காரணம். "இந்த ட்ரிகரை ஒதுக்கினால் அந்த ஃபங்ஷனையும் ஒதுக்கு, அந்த ஃபங்ஷனை ஒதுக்கினால் இந்த டேபிளையும் ஒதுக்கு" என்று மேலே தமிழிலேயே இரண்டு வரி எழுதினாள். நகலில் மறுபடி ஓட்டினாள். ஒன்பது மாற்றங்கள், ஒன்பதும் சரி.

இரண்டு மணிக்கு அசலில் ஓட்டினாள். நான் பின்னால் நின்றேன், விசைப்பலகையைத் தொடவில்லை. ஸ்கிரிப்ட் முடிந்ததும் அவள் எழுந்துவிடவில்லை. சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் பதிவில் தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றினாள். பிறகு தணிக்கைப் பதிவேட்டைத் திறந்து கடைசி வரியைக் கூப்பிட்டாள்.

வரி வந்தது. பழைய எண், புதிய எண், மணி 2.17. மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.